உடன் தங்கி உதவ வருகிறவர்களுக்கு: முதல் நாளிலிருந்து தெரிந்திருக்க வேண்டியவை

அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களோடு ஒரே வீட்டில் தங்கித் துணையாக இருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்கே என்ன வேலை செய்யணும்?" என்பதுதான். பல் துலக்க, குளிக்க, சாப்பிட, மாத்திரை போட, பகலில் அவர்கள் வேலை செய்யும் பட்டறைக்குப் போக, ராத்திரி படுக்க என்று எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் ஒன்றை மனதில் ஏற்றிக்கொண்டு போங்கள். அது அவர்களுடைய வீடு. பலர் அங்கே இருபது முப்பது வருடமாக இருக்கிறார்கள். புதிதாகக் குடிவந்திருப்பது நீங்கள். கீழே சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இப்படி ஒன்றாக வாழும் வீடுகளில் உலகம் முழுக்கத் தெரிந்தது லார்ஷ். 1964இல் பிரான்ஸில் ஒரு கிராமத்தில், காப்பகத்தில் அடைந்து கிடந்த இருவரை ழான் வனியே என்பவர் அழைத்துவந்து ஒரே வீட்டில் வாழத் தொடங்கியதுதான் ஆரம்பம். இந்தியாவில் அதன் வீடுகளுக்கு ஆஷா நிகேதன் என்று பெயர். முதல் வீடு 1970இல் பெங்களூரில் தொடங்கியது. சென்னை, கொல்கத்தா, கோழிக்கோட்டுக்கு வடக்கே நந்தி பஜார் ஆகிய இடங்களிலும் உண்டு. இதற்கும் முன்பே, நாஜிகளிடமிருந்து தப்பி வந்த கார்ல் கோனிக் என்ற டாக்டர் ஸ்காட்லாந்தில் 1940இல் கேம்ப்ஹில் என்ற, இதே மாதிரி சேர்ந்து வாழும் அமைப்பைத் தொடங்கியிருந்தார். இந்த இரண்டையும் சேராத சிறிய வீடுகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. பெயர் எதுவானாலும் தினசரி வாழ்க்கை ஏறக்குறைய ஒன்றுதான்.

லார்ஷ் பற்றி இன்னொன்றையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். வனியே 2019இல் இறந்தார். அந்த அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணையின் முடிவு 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் ஆறு பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியிருந்தார். 2023இல் வந்த ஆய்வுக் குழுவின் அறிக்கை, அந்த எண்ணிக்கை குறைந்தது 25 என்றது. அந்தப் பெண்கள் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் அல்ல. உங்களைப் போல உதவ வந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த வீடுகளில் நடக்கும் நல்ல வாழ்க்கை இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் நிறுவனரை ஊரே மகான் என்று கொண்டாடினாலும், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

போவதற்கு முன்

சேருவதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் போய் இரவுச் சாப்பாடு வரை இருங்கள். பகலில் எல்லா வீடும் நன்றாகத்தான் தெரியும். உதவியாளர்கள் அவர்களோடு ஒரே மேசையில், ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். துணி அலமாரி அவரவருக்குத் தனியா, எல்லாச் சட்டையும் ஒரே குவியலா என்பதையும் கவனியுங்கள். கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா? ஒருவர் 'வேண்டாம்' என்றால் அந்தப் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டா? எனக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

பிறகு பொறுப்பாளரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை உதவியாளர்கள்? ராத்திரி யார் விழித்திருப்பது? வார விடுமுறை எப்போது? தங்குமிடமும் சாப்பாடும் போகக் கைக்கு என்ன வரும்? யார் மேலாவது புகார் வந்தால், அதுவும் பொறுப்பாளர் மேலேயே வந்தால், அதை விசாரிப்பது யார்? உங்களைப் பற்றிப் போலீஸ் சரிபார்ப்பு கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காத வீட்டைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 92ஆம் பிரிவின்படி, பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே சாப்பாட்டையோ தண்ணீரையோ மறுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. 'அடம் பிடித்தால் ராத்திரி சோறு கிடையாது' என்று ஒரு வீட்டில் யாராவது சொன்னால், அதைக் கண்டிப்பு என்று விட்டுவிட முடியாது.

முதல் வாரம்

எடுத்தவுடனே வேலையில் பாய வேண்டாம். ஒவ்வொருவரைப் பற்றியும் கோப்பு இருக்கும். அதில் முதல் நாளே மூன்று விஷயத்தை மட்டும் பாருங்கள்: வலிப்பு உண்டா, விழுங்குவதில் சிக்கல் உண்டா, எதற்காவது ஒவ்வாமை உண்டா. மற்ற பக்கங்களைச் சில நாள் கழித்துப் படிக்கலாம். முதலில் ஆளைப் பாருங்கள். 'பிடிவாதக்காரர்' என்று யாரோ பத்து வருடம் முன் எழுதி வைத்ததைப் படித்துவிட்டால், அப்புறம் அவர் எது செய்தாலும் பிடிவாதமாகத்தான் தெரியும்.

வீட்டைச் சுற்றிக் காட்டும்படி அங்கே இருப்பவர்களிடமே கேளுங்கள். டம்ளர் எங்கே, எந்த நாற்காலி யாருடையது, தண்ணீர் மோட்டாரை எப்போது போடுவது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பேச முடியாதவர் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுவார்.

நாற்பது வயதுக்காரரைக் 'குழந்தை' என்றும் 'பாப்பா' என்றும் கூப்பிடும் பழக்கம் நம் ஊரில் நிறைய. பிரியமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிக் கூப்பிட்டுப் பழகினால் அவருடைய விருப்பத்தைக் கேட்கத் தோன்றாது. உங்களைவிட மூத்தவர் என்றால் அண்ணன், அக்கா. இளையவர் என்றால் பெயர். அறைக்குள் போகும் முன் கதவைத் தட்டுங்கள். அவர் எதிரிலேயே இன்னொருவரிடம் "இவர் இன்னிக்கு வெளிக்குப் போனாரா?" என்று கேட்காதீர்கள்.

கேள்வி கேட்டால் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணலாம். பாதிப் பேருக்குப் பதில் அதற்குப் பிறகுதான் வரும். நாம் நாலு எண்ணுவதற்குள் கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்டுவிடுகிறோம். அவர் மறுபடியும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. பேசாதவரிடம் இரண்டு சட்டையை எடுத்துக் காட்டுங்கள். கண் எதில் நிற்கிறதோ அதுதான் பதில்.

காலையும் குளியலும்

புதிதாக வருகிறவர்கள் ரொம்பத் தடுமாறுவது குளியலறையில்தான். வளர்ந்த ஒருவரின் உடம்பைத் தொட்டுக் கழுவிப் பழக்கம் இருக்காது. கூச்சம் வரும், வரட்டும். அவருக்கும் உங்களிடம் கூச்சம் உண்டு. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது கட்டாயம். முதல் சில நாள் பழைய உதவியாளர் செய்வதை, குளிக்கிறவர் சம்மதித்தால் மட்டும், கூட நின்று பாருங்கள்.

துண்டு, சோப்பு, உள்ளாடை, மாற்றுத்துணி எல்லாம் எடுத்து வைத்த பிறகே அவரை அழையுங்கள். பாதியில் துண்டுக்கு ஓடினால் ஈரத் தரையில் அவர் தனியே நிற்பார். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்; இந்த வரிசை எந்த அவசரத்திலும் மாறக் கூடாது. சூட்டை முழங்கையால் பாருங்கள், உள்ளங்கைக்குச் சூடு அவ்வளவாக உறைக்காது. அடுத்து அவர் கையை நனைத்து "சரியா?" என்று கேளுங்கள். "இப்போ முதுகு", "இப்போ கால்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். மறைவிடத்தை அவரால் முடிந்தால் அவரே கழுவட்டும், சோப்பைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நில்லுங்கள். வலிப்பு உள்ளவரை மட்டும் உள்ளே தனியே விடக் கூடாது, தாழ்ப்பாளும் போடக் கூடாது.

துடைக்கும்போது தோலைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் நாள் முழுக்க உட்காருபவருக்கு வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் தடம் விழும். விரலால் அழுத்தினால் நிறம் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்கவில்லை என்றால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. கருத்து, சூடாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். பாரம் படாமல் உட்காரவைத்து, அன்றைக்கே நர்ஸிடம் சொல்லுங்கள்.

நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது பிரேக் போட்டாயிற்றா என்று தொட்டுப் பாருங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது வேண்டாம்; அவர் தோள்மூட்டு இறங்கிவிடும், உங்கள் இடுப்பும் போய்விடும்.

நான் இருந்த வீட்டில் ஓர் அண்ணனுக்கு மூளை முடக்குவாதம். சட்டைப் பித்தானை அவரேதான் போடுவார். வலது கை ஒத்துழைக்காது. இடது கட்டைவிரலால் பித்தானைத் துளைக்கு நேரே கொண்டுவந்து, நகத்தால் தள்ளி, அந்தப் பக்கம் தலை நீட்டியதும் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு இழுப்பார். பாதி நேரம் நழுவிவிடும், மறுபடி முதலிலிருந்து. பட்டறைக்குப் போகும் வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். புதிதாக வந்த யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கையை நீட்டிவிடுவார்கள். அவர் அந்தக் கையைத் தட்டிவிடுவார், அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவும் மாட்டார். இதற்கு வழி ரொம்ப எளிது: அவரைக் கால் மணி நேரம் முன்னதாக எழுப்ப வேண்டும். உங்களுக்கு எங்கெல்லாம் 'நானே செய்துவிட்டால் சீக்கிரம் முடியும்' என்று தோன்றுகிறதோ, அங்கெல்லாம் முன்னதாகத் தொடங்க முடியுமா என்று பாருங்கள்.

சாப்பாடு

ஊட்டிவிட வேண்டியவருக்கு நின்றுகொண்டு ஊட்டாதீர்கள். அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். முதுகு நிமிர்ந்து, தாடை சற்றே கீழ்நோக்கி இருக்கட்டும். அண்ணாந்த நிலையில் ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகும். சின்ன ஸ்பூன், ஒரு வாய், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். முடித்த பிறகு அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது.

விழுங்கச் சிரமப்படுகிற பலருக்குக் கெட்டியானதைவிட நீர்த்தது ஆபத்து. ரசம், காபி, தண்ணீர் எல்லாம் வேகமாக ஓடும். குழையவைத்த சாதத்தைச் சாம்பார் தனியே ஓடாதபடி பிசைந்து கொடுத்தால் சரி. இட்லி என்றால் நன்றாக ஊறவைத்து மசித்துக் கொடுக்க வேண்டும். உதிரும் புட்டு, முறுக்கு, வேர்க்கடலை, முழுத் திராட்சை எதுவும் வேண்டாம். விசேஷ நாளில் சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பலகாரத்தில்தான் கவனம் தேவை. சாப்பிட்டதும் குரல் ஈரமாக, களகளவென்று மாறுகிறதா, கண்ணில் நீர் வருகிறதா, அடிக்கடி சளிக்காய்ச்சல் வருகிறதா என்று பாருங்கள். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். விழுங்குவதைச் சோதித்து எது எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று சொல்வது பேச்சுப் பயிற்சியாளர். அவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை, முதுகில் தட்டுவதையும் வயிற்றை அழுத்துவதையும், ஆள் வைத்துச் செய்து காட்டும் முதலுதவி வகுப்பில் கற்றுக்கொள்ளுங்கள். படித்துத் தெரிந்துகொண்டால் போதாது.

சாப்பாட்டு மேசைதான் வீட்டின் நடு. நீங்களும் அங்கேதான் சாப்பிட வேண்டும், அடுப்படியில் நின்றுகொண்டு அல்ல. பிறந்தநாள் என்றால் ஒவ்வொருவராக அவரைப் பற்றி ஏதாவது சொல்வது லார்ஷ் வீடுகளில் வழக்கம். உங்கள் முறை வரும்போது 'நல்லவர்' என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். அவர் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்.

மாத்திரை

ஒரு நேரத்தில் ஒருவருக்கு. அட்டையில் பெயர், அளவு, வேளை பார்த்து எடுங்கள். அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகு சார்ட்டில் கையெழுத்துப் போடுங்கள். முன்கூட்டியே வரிசையாகப் போட்டு வைப்பது பெரிய தப்பு. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்காமல் நர்ஸைக் கேளுங்கள். விழுங்க முடியவில்லை என்று எல்லாவற்றையும் பொடித்துவிடவும் கூடாது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரே அடியாக உடம்பில் சேரும். வலிப்பு மாத்திரை ஒருநாளும் திடீரென்று நிற்கக் கூடாது, ஊருக்குப் போகும்போதும்.

மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். குறைவாக நடமாடுபவர்களுக்கும் சில மருந்துகள் எடுப்பவர்களுக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். கழிவறைக்குப் போனதைத் தினமும் குறித்து வையுங்கள்.

வலிப்பு வந்தால்

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தலைக்கு அடியில் மடித்த துண்டோ உங்கள் கையோ. பக்கத்தில் இடிக்கக்கூடிய பொருளைத் தள்ளிவையுங்கள். உதறும் கைகாலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாயில் ஸ்பூனும் வேண்டாம், துணியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் எதுவும் நிற்காது, யாராவது கொண்டுவந்தால் மரியாதையாக வாங்கிக் கீழே வைத்துவிடுங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, தண்ணீரில் வந்திருந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். டாக்டர் மூக்கில் அடிக்கும் மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் அது எங்கே இருக்கிறது, எப்போது அடிப்பது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். விழித்தபின் குழப்பமாக இருப்பார், துணி நனைந்திருக்கலாம். சுற்றி நிற்கும் ஆட்களை அனுப்பிவிட்டு, ஒரு போர்வையால் மூடுங்கள்.

ஒருவர் திடீரென்று மாறினால்

அமைதியாக இருந்தவர் தன்னையே அடித்துக்கொள்கிறார், கத்துகிறார், தட்டைத் தள்ளுகிறார். உடனே 'மனநிலை சரியில்லை, டோஸ் ஏற்றணும்' என்று பேச்சு கிளம்பும். அதற்கு முன் உடம்பைப் பாருங்கள். பேச முடியாதவருக்கு வலியைச் சொல்ல வேறு வழி இல்லை.

எங்கள் வீட்டில் பேசாத ஓர் அக்கா, சாயங்காலம் காபி நேரத்தில் மட்டும் கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தார். எப்போதும் இடது கன்னம். காலையில் இல்லை, தண்ணீர் குடிக்கும்போதும் இல்லை. நாள், நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்த ஓர் உதவியாளர்தான் காபியின் சூடுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். காலையில் அந்த அக்கா குடிப்பது ஆறிய பால். பல் டாக்டர் பார்த்தபோது இடது கீழ்க் கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தையாக இருந்தது. பல்லை எடுத்த பிறகு அறைவது நின்றுபோயிற்று. அந்த நோட்டு இல்லையென்றால் தூக்க மருந்து கூடியிருக்கும்.

எனவே எழுதுங்கள். பல், காது, மலச்சிக்கல், மாதவிடாய், சிறுநீர்த் தொற்று என்று வரிசையாகச் சந்தேகப்படுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் நாற்பதைத் தாண்டியபின் வழி மறக்கிறார், பழகிய வேலையில் திணறுகிறார் என்றால் தைராய்டும் காதும் முதலில் பார்க்க வேண்டியவை. அல்சைமர் என்ற மறதி நோய் அவர்களுக்குச் சின்ன வயதிலேயே வரக்கூடும் என்பதையும் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் வீட்டைப் பாருங்கள். பிடித்த உதவியாளர் யாராவது சொல்லாமல் கிளம்பிப் போனாரா? பக்கத்துக் கட்டில்காரர் மாறினாரா?

அந்த நேரத்தில் குரலைத் தாழ்த்துங்கள், ஒரு கை தூரம் விலகி நில்லுங்கள், டிவியை அணையுங்கள். ஒரே ஆள் பேசினால் போதும்.

வெளியே, பணம், கையெழுத்து

வீட்டிலிருக்கும் ஒருவரோடு கடைக்குப் போனால் கடைக்காரர் உங்களைப் பார்த்துத்தான் "இவருக்கு என்ன வேணும்?" என்பார். பதில் சொல்லாமல் அவர் பக்கம் திரும்புங்கள். இரண்டு மூன்று முறை ஆனதும் கடைக்காரர் நேராக அவரிடமே கேட்க ஆரம்பிப்பார். அவருடைய பணத்தை அவரே நீட்டட்டும். மீதியையும் ரசீதையும் அன்றே கணக்கில் எழுதுங்கள். உங்களிடம் சில்லறை இல்லை என்று அவர் பணத்திலிருந்து ஐந்து ரூபாய்கூட எடுக்காதீர்கள். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடுள்ளவருக்கும் கூடப் போகிறவருக்கும் ரயிலில் ஸ்லீப்பர் போன்ற வகுப்புகளில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. ரயில்வே கொடுக்கும் சலுகை அட்டை வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது வேண்டாம். சேவை செய்கிறேன் என்று காட்ட அவருடைய முகத்தைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை.

ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ 'கூட வந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அவசர நிலையைத் தவிர மற்றதற்குப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். 18 வயது முடிந்தவருக்குப் பெற்றோர்கூடத் தானாகச் சட்டப்படி காப்பாளர் ஆவதில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அதில் வரும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கு, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுதான் காப்பாளரை நியமிக்கிறது.

உங்கள் ராத்திரியும் ஓய்வும்

ராத்திரி முறை இருந்த அடுத்த காலை தூங்குங்கள். விடுமுறை நாளில் வீட்டை விட்டு வெளியே போங்கள். அறைக்குள்ளேயே இருந்தால் யாராவது கதவைத் தட்டுவார்கள், நீங்களும் எழுந்து போவீர்கள். எரிச்சல் வரும். ஒருவர் மேல் மட்டும் தொடர்ந்து எரிச்சல் வந்தால் அவரைக் குளிப்பாட்டும் முறையை இன்னொருவரிடம் மாற்றிக் கேளுங்கள்; கை முரடாகும் வரை காத்திருக்கக் கூடாது. அடிபட்ட தடம், பயந்து ஒதுங்குவது, ஓர் உதவியாளர் வந்தால் மட்டும் அழுவது ஆகியவற்றைக் கண்டால் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். சக ஊழியர் உங்கள் நண்பராகவே இருந்தாலும் கொடுக்க வேண்டும்.

கிளம்பும்போது

பெரும்பாலோர் ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடுவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் இப்படி எத்தனையோ பேர் வந்து போவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே சொல்லாமல் போகாதீர்கள். ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், சுவர்க் காலண்டரில் நாளைச் சேர்ந்து குறியுங்கள். 'அடிக்கடி வருவேன்' என்று சொன்னால் வர வேண்டும். வர முடியாதென்றால் அப்படிச் சொல்ல வேண்டாம். பிறந்தநாளுக்குப் போன் செய்வேன் என்று சொல்லுங்கள், செய்யுங்கள்.

உங்களுக்கு மட்டும் தெரிந்தவற்றை அடுத்து வருகிறவருக்கு எழுதி வையுங்கள். யாருக்குக் காபியில் எவ்வளவு சூடு, யாருடைய எந்தச் சத்தத்துக்கு 'போதும்' என்று அர்த்தம், எந்தத் தலையணை எந்தப் பக்கம். எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். தப்பாக இருந்தால் அவர்கள் திருத்துவார்கள்.